வெளிப்பூச்சு பாக்கி

“வீட்டு வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?”

கூட்டங்களில், மாணவர் விடுதிகளில், நீதிமன்ற வாசலில் என்று எங்கே சந்தித்தாலும் தோழர்கள் கொஞ்ச நாளாக எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறோம்.

இன்றைய நிலவரம்: வேலை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பழைய தளத்தை இடித்துவிட்டுப் புதுத் தளம் போட்டாகிவிட்டது. தரைமட்டத்தை இரண்டே கால் அடி உயர்த்தியிருக்கிறோம். கரண்ட் வேலையும் உள்பூச்சும் முடிந்தன. கழிப்பறை வீட்டோடு சேர்ந்துவிட்டது. பாக்கி இருப்பவை மூன்று: தரைக்கு டைல்ஸ், ஜன்னல் கதவுகள், வெளிப்பூச்சு. டைல்ஸுக்கும் ஜன்னலுக்கும் பணம்தான் தடை. வெளிப்பூச்சுக்குத் தடை பணம் அல்ல. அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்றால் ஆயா, அப்பா, அம்மா, பிள்ளைகள் மூன்று பேர். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் காலனியில் குடியிருக்கிறோம். வீடு 1991இல் தாத்தாவுக்குக் கிடைத்த தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் கால் நீட்டிப் படுக்க ஒரு திண்ணை.

தொகுப்பு வீடு என்றதும் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. விரிசல், ஒழுகல், இடிந்து விழும் காரை என்று செய்தித்தாளில் படம் வரும். ஆனால் அது வந்த காலத்தில் அதன் அர்த்தம் வேறு. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கான திட்டமாகத்தான் இருந்தது. 1993-94இல்தான் மற்ற ஏழைகளுக்கும் விரிவாக்கினார்கள். எங்கள் காலனியில் கீற்றுக்குப் பதிலாகக் கான்கிரீட் வந்தது அப்போதுதான்.

கீற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மழை ஒழுகுவதில் மட்டும் இல்லை. கீற்று எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் கருகியது ஒரு குடிசைக்குள். 1978 ஜூலையில் எங்கள் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டபோது குடிசைகளும் எரிந்தன. ஆயாவுக்கு அந்த ஆண்டு நன்றாக நினைவிருக்கிறது. டவுன் பக்கம் வானம் சிவந்திருந்ததைச் சொல்வார். “நம்ம கூரையில தண்ணி ஊத்தி ஊத்தி நனைச்சி வச்சோம். பத்து ராத்திரி ஈரக் கூரைக்குக் கீழ தூங்கினோம்” என்பார். அதனால் 1991இல் தளம் போட்ட அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, “இது எரியாதில்ல?”

எரியவில்லை. ஆனால் துருப்பிடித்தது. ஒப்பந்தக்காரர் எடுத்த வேலை. தளத்தின் கனம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. கம்பிக்கும் கீழ்ப்பூச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய கான்கிரீட் மூடாக்கு சில இடங்களில் விரல் நகம் அளவுகூட இல்லை. ஈரம் உள்ளே போனதும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். நம் காலனிகளில் நள்ளிரவில் விழும் காரைக்கு விதியோ செய்வினையோ காரணம் இல்லை, மிச்சம் பிடித்த சிமெண்டுதான் காரணம். எங்கள் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தட்டு அளவு காரை ஆயாவின் தலைமாட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு உத்தரத்துக்கு அடியில்தான் எல்லாரும் படுத்தோம்.

தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். கெட்டியான இடத்தில் ‘ணங்’ என்று கேட்டது. மற்ற இடங்களில் ‘பொத்’ என்று கேட்டது. பாதிக்கு மேல் ‘பொத்’. கம்பியைச் சுரண்டித் துருவை எடுத்து, ரசாயனம் பூசி, ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்றால் கம்பியில் சதை மிச்சம் இருக்க வேண்டும். “இதுல சதை இல்ல. இடிச்சிடுங்க” என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. ஆனால் கடப்பாரைக்கு முன்னால் காகிதத்தைத் தொட வேண்டியிருந்தது.

2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு திட்டம் அறிவித்தது. மனு கொடுத்தோம். வந்து பார்த்த அலுவலர் பட்டாவைக் கேட்டார். தாத்தா பெயரில் இருக்கும் ஒப்படைப் பட்டாவைக் கொடுத்தோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் காப்பாற்றிய காகிதம். அவர் கைப்பேசியில் புல எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆன்லைன்ல வேற பேர் வருதே” என்றார்.

வந்த பெயர் ஊர்த்தெருக்காரர் ஒருவருடையது. எங்கள் காலனிக்காக அரசு நிலம் எடுத்தபோது அந்த நிலத்தை வைத்திருந்தவர். ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்க 1978இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி நிலத்தை எடுத்தார்கள், இழப்பீடு கொடுத்தார்கள், மனை பிரித்தார்கள், பட்டாவும் கொடுத்தார்கள். கிராமக் கணக்கில் ஏற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். பதிவைப் பொறுத்தவரை நாங்கள் அடுத்தவர் நிலத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கும் ஆட்கள்.

இது எங்கள் ஒருவருக்கு நடந்த விபத்து இல்லை. தோழர்கள் தங்கள் காலனியில் சோதித்துப் பார்த்தால் தெரியும்.

வீட்டுமனைதான் சாதி தன் கையில் வைத்திருந்த மிகப் பழைய கயிறு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே அறிக்கை குடியிருப்பைப் பற்றியும் பேசுகிறது. சேரி நிற்கும் நிலத்தை மிராசுதார் தன் பிடியில் வைத்திருந்தார். கூலி கேட்டாலோ, வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ, தனக்கென்று ஒரு துண்டு நிலத்துக்கு மனு போட்டாலோ, “வீட்டைக் காலி பண்ணு” என்று சொன்னால் போதும். குடியிருப்பவருக்கே அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். வெண்மணிக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்தக் கயிற்றின் கடைசி இழை இன்றைக்கு ஒரு சர்வரில் இருக்கிறது. அதை அறுக்காமல் செங்கல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அக்கா தெருவில் வீடு வீடாகப் போய்ப் புல எண்களை எழுதி வந்தார். 41 வீடுகள். எல்லாவற்றுக்கும் அதே பழைய பெயர். எங்கள் ஒரு வீட்டு மனு 41 வீட்டு மனு ஆனது. ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர், வட்டாட்சியர், திங்கள்கிழமை குறைதீர் கூட்டம், தகவல் அறியும் உரிமை மனு என்று ஐந்து மாதம் ஓடியது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆயா பெயரிலும் அம்மா பெயரிலும் கூட்டாகப் பட்டா மாறியது. 41இல் இதுவரை 17 வீடுகள் கணக்கில் ஏறியிருக்கின்றன. மீதி 24க்கும் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறோம். எட்டு மாத வீட்டு வேலையில் இந்த ஐந்து மாதம் சேராது.

பட்டா மாறிய பிறகும் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. நிபந்தனைப் பட்டாவை அடமானமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நாங்கள் போன வங்கியில் சொல்லிவிட்டார்கள். நிபந்தனை நம் மனை கைமாறாமல் இருக்கத்தான் போடப்பட்டது. அந்தப் பாதுகாப்பையே கடன் மறுக்கும் காரணமாக்குவது இன்னொரு போராட்டத்துக்கான விஷயம், அதைத் தனியாக எழுதுவோம். பழுதுநீக்கும் பட்டியலும் அதற்குள் மூடிவிட்டது. பணம் அக்காவின் சேமிப்பு, அம்மாவின் மகளிர் குழுக் கடன், ஒரு சீட்டு, அடகில் இரண்டு வளையல் என்று சேர்ந்தது. இதுவரை ஏழு லட்சத்து நாற்பதாயிரம்.

தரைமட்டத்தை ஏன் உயர்த்தினோம் என்று கேட்பவர்களுக்கு: சாலை உயர்ந்ததால். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். வீடு இருந்த இடத்தில் இருந்தது, சாலை ஏறிக்கொண்டே போனது. ஐப்பசி, கார்த்திகையில் ஊர்த்தெருத் தண்ணீரும் சேர்ந்து எங்கள் வாசலுக்குத்தான் வரும். காலனி எப்போதுமே ஊரின் பள்ளத்தில்தானே இருக்கிறது? சுவரை ஏற்றிக் கட்டி, சுற்றிலும் ஒரு பீம் ஓட்டி, அதன் மேல் தளம் போட்டோம். எம் சாண்ட் லாரி ஊர்த்தெரு வழியாக வந்தபோது “ரோடு வீணாப் போகும், முனையிலயே கொட்டிக்கோங்க” என்றார்கள். பஞ்சாயத்துச் சாலை, அதே வழியில் அவர்களுடைய லாரிகள் தினமும் போகின்றன. இரண்டு நாள் பேசி, மூன்றாம் நாள் லாரி உள்ளே வந்தது. கடையில் சிமெண்ட் வாங்கும்போது ஒருவர், “காலனியில கட்டுறதுக்கு எதுக்குப்பா இவ்ளோ உசரம்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

தளம் போட்ட நாளைப் பற்றி மட்டும் சந்தோஷமாகச் சொல்கிறோம். ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்கவில்லை. மிக்ஸர் வாடகைக்குக் கிடைக்கும் நாளைப் பார்த்தோம். அது ஞாயிறாக இருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் வேலை செய்யும் எங்கள் தெருப் பிள்ளைகள் சனிக்கிழமை இரவே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். பதினான்கு கொத்தனார்கள், அவர்களுக்கு ஈடாகச் சித்தாள்கள். கம்பிக்குக் கீழே வைக்கும் கவர் பிளாக்கை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர், பக்கத்து வீட்டுப் பெரியப்பா. “முப்பது வருசமா மத்தவன் வீட்டுக்கு எண்ணி எண்ணி வச்சேன். என் வீட்டுத் தளத்துல ஒண்ணுகூட இல்ல” என்றார். மதியம் மாட்டுக்கறி பிரியாணி. அதற்குப் பிறகு 21 நாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். ஆயா தினமும் எழுந்ததும் “தண்ணி நிக்குதா?” என்று கேட்டார். கூரையை நனைத்து வைக்கும் பழக்கம் அவருக்குப் புதிது இல்லை.

இப்போது வெளிப்பூச்சு.

வீட்டின் பின்பக்க அறையை அப்பா 2012இல் கட்டினார். உள்ளே பூசி, வெள்ளை அடித்துவிட்டு, வெளியே பூச எட்டு மூட்டை சிமெண்டும் வாங்கி வைத்திருந்தார். அந்த நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்றும் தாக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் சொல்லி 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். நிவாரணப் பொருட்களோடு போன ஒரு குழுவில் அப்பாவும் இருந்தார். பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் உழைத்துச் சேர்த்தவர்களின் வீடுகள் அவை. உடைத்த பீரோக்கள், எரிந்த வண்டிகள், கரியான சான்றிதழ்கள். தளம் நின்றது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. கான்கிரீட் எரியாது என்று நினைத்திருந்த அப்பாவுக்குக் கான்கிரீட்டுக்குள் வைத்ததெல்லாம் எரியும் என்று அங்கே தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் எட்டு மூட்டை சிமெண்டையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வெளிச்சுவர் செங்கலாகவே நின்றது. பழைய வீட்டில் பெயர்ந்த வெளிப்பூச்சையும் திரும்பப் பூசவில்லை. யாராவது கேட்டால் “காசு இல்ல” என்பார். எங்களிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: “வெளிய அழகா இருந்தா அவன் கண்ணுக்குத் தெரியும். உள்ள அழகா இருந்தா நமக்குத் தெரியும். அது போதும்.”

இதைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதில் ஒரு வரலாற்று அறிவு இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்தபோது உடைந்தவை எவை? தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம். வெளிநாட்டில் உழைத்தவர்களின் பணம் கண்ணுக்குத் தெரியும்படி நின்ற ஊர் அது. நம் மக்களில் ஒரு தலைமுறை, வறுமையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டால் பிழைக்கலாம் என்று கற்றுக்கொண்டது. பூசாத சுவர் அப்படிப்பட்ட ஒரு போர்வை.

ஆனால் அந்தப் போர்வைக்கு விலை உண்டு. பூசாத செங்கல் மழையைக் குடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் மூன்று மாதம் வடக்குச் சுவர் ஓதம் ஏறி நிற்கும். உள்ளே அடித்த வெள்ளை பொரிந்து உதிரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைப்போம். ஆயாவின் இளைப்பு மார்கழி வரைக்கும் நிற்காது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயம் எங்கள் வீட்டுக்குள் இப்படித்தான் கசிந்தது.

ஆகவே இந்த முறை வெளிப்பூச்சைக் கணக்கில் சேர்த்தோம். அப்பா வேண்டாம் என்றார். பல இரவுகள் இதே பேச்சு. ஒரு நாள் அக்கா சொன்னார்: “வெண்மணியில குடிசைதானேப்பா இருந்துச்சி. பூச்சும் இல்ல, பெயிண்டும் இல்ல. அதையும்தான எரிச்சாங்க.”

அப்பா வெகுநேரம் பதில் சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் இந்த எட்டு மாதமும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். இல்லாதபோது இல்லாததற்காக அடித்தார்கள். இருக்கும்போது இருப்பதற்காக அடித்தார்கள். மும்பை தாதரில் பாபாசாகேப் தன் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருகத்தைக்கூட 2020 ஜூலையில் சேதப்படுத்தினார்கள். அப்படியென்றால் நம் சுவர் எப்படித் தெரிகிறது என்பதில் நமக்குப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பை வேறு இடத்தில் கட்ட வேண்டும். ஒன்று, அமைப்பாக நிற்பதில். 41 வீடு சேர்ந்து மனு போட்ட பிறகுதான் அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொன்னார்கள். இன்னொன்று, சட்டத்தில்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)இன் நான்காம் கூறு, பட்டியல் சாதியினர் குடியிருக்கும் வீட்டைத் தீவைத்து அழித்தால் ஆயுள் தண்டனை என்கிறது. நம்மை வீட்டையோ ஊரையோ விட்டுப் போகச் செய்வதும் அதே சட்டத்தின்படி குற்றம். 1995ஆம் ஆண்டு விதிகளில் 6ஆவது விதி, அதிகாரிகள் நேரில் வந்து பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் சொத்துச் சேதத்தின் முழு விவரத்தையும் எழுத வேண்டும் என்கிறது. எரிந்த வீட்டைச் செங்கல்லிலோ கல்லிலோ அரசு செலவில் கட்டித் தர வேண்டும் என்பதும் விதிகளில் இருக்கிறது. ஆனால் சேதத்தை எழுத வருபவர் “என்னென்ன இருந்தது?” என்று கேட்கும்போது நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரமும் வீட்டோடு எரிந்துபோவதுதான் நம் ஊர்களின் அனுபவம்.

எனவே, மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இவற்றைச் செய்துவிட்டு வாருங்கள்:

1. உங்கள் வீட்டு மனை ஆன்லைன் பதிவில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தெரு முழுக்கப் பாருங்கள்.

2. பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு மாற்ற மனு கொடுங்கள். பெண்கள் பெயரைச் சேருங்கள்.

3. வீட்டை உள்ளும் புறமும் படம் எடுங்கள். பில், பட்டா, சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

4. தொகுப்பு வீடுகளின் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘பொத்’ என்று கேட்கும் இடத்துக்குக் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள்.

எங்கள் வீட்டு பில்கள் 212. எல்லாம் படமாகிவிட்டன. எம் சாண்ட் லாரி வாடகைச் சீட்டுகூட இருக்கிறது.

அப்பா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. பூச்சு சரி, பெயிண்ட் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்பு போதும் என்கிற இடத்துக்கு வந்திருக்கிறார். அம்மா நீலம் என்கிறார். ஆயாவுக்கு எந்த நிறமானாலும் சம்மதம், ஓதம் வரக்கூடாது. பேச்சு நடக்கிறது. நேற்று முப்பது மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது. எண்ணி வாங்கி, அடியில் பலகை போட்டு அடுக்கித் தார்ப்பாய் மூடியவர் அப்பாதான். வடக்குச் சுவரில் சாரம் கட்டியாகிவிட்டது. திங்கள்கிழமை மூன்று கொத்தனார்கள் வருகிறார்கள்.

ஜெய் பீம்.